நான்கு காயம், இரண்டு கோடு

குளத்துப்புழையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும்
ஜூஸ் கடையில் நூறு உறிஞ்சுகுழாய் கேட்டாள் ஜிஷா.
ஜூஸ் வேண்டாம், குழாய் மட்டும்.
கடைக்காரர் என்னைப் பார்த்தார்.
மரத்தின் உள்ளே இருப்பதைப்
பென்சில் கனத்தில் உருவி
அதில்தான் போட்டு வைப்பார்கள் என்று
எனக்கும் அப்போது தெரியாது.

என்னைக் கூட்டிப்போனது துளைக்க அல்ல, கீற.
பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே
ஈரமாய் ஒரு தோல் உண்டு.
முப்பத்தொரு வருஷம் ரப்பரில்
அதைத் தொடாமல் வெட்டிய கை இது.
கத்தி ஆழம் போனால் கூலியில் பிடித்தம்.
இந்தக் காட்டில் தொட வேண்டுமாம்.
"தீப்பெட்டி அளவு போதும் சேச்சி,
தேதி போடுவதுபோல."

காட்டு ஜாதிக்காய் நிற்கும் சதுப்பு.
உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துபோய்
முழங்கால்களை மட்டும் விட்டுவிட்டதுபோல
தண்ணீருக்கு மேலே வேர்கள்.
முதல் கீறலில் சிவப்பாக வந்தது.
வெள்ளைப் பாலே பார்த்த கை
கொஞ்சம் நின்றது.
பிறகு துடைத்தேன்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை,
ரப்பரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

குளிர்தேசத்து மரத்துக்கு
வருஷம் தவறாமல் கோடு விழுமாம்,
பனி வந்து நிறுத்திவைக்குமாம்.
இங்கே யார் நிறுத்துவது?
தண்ணீர், என்றாள்.
வேர் மூழ்கி மூச்சு முட்டினால்
மரம் வேலையைப் போட்டுவிட்டு நிற்கும்.
வடிந்ததும் தொடரும்.
நின்ற இடம்தான் கோடு.
நின்ற இடமா, என்றேன்.
வளர்ந்த இடம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பதினெட்டாம் எண் மரத்தில்
குழாய் பாதிதான் நிரம்பியது.
நடுவெல்லாம் உளுத்த சேறு.
தொடங்கிய வருஷத்தை அது இனிச் சொல்லாது.
அதற்கும் ஒரு குழாய், ஒரு எண்,
இரண்டு முனையிலும் டேப்.

ஆனி மாதம் ஒன்றாய் நாலு வருஷம் கீறிய மரம்
துலாமழையில் தானாகச் சாய்ந்தது.
வட்டமாய் அறுத்து வந்து
உப்புத்தாளில் தேய்த்தோம்,
முரட்டுத்தாள், அடுத்தது, அடுத்தது,
கடைசியில் கன்னம்போல ஆகும்வரை.
லென்ஸில் குனிந்தவள் நிமிரவில்லை.
நான்கு காயத்துக்கு நடுவே
மூன்று கோடு வேண்டும்.
இரண்டுதான் இருந்தது.
இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே
ஒன்றுமில்லை, சும்மா மரம்.
மழைப் பதிவேட்டைப் புரட்டினாள்.
அந்த வருஷமும் பெய்திருக்கிறது,
ஓய்ந்திருக்கிறது, எல்லா வருஷமும்போல.

என் அட்டையிலும் இப்படி ஒன்று உண்டு.
தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது
எனக்கு ஏழு என்றார் அப்பா.
மண்டபம் முகாமில் எழுதியவர்
ஆறு என்று எழுதினார்.
ஜூலை ஒன்று என்று பிறந்தநாளும் போட்டார்,
அவர் பேனா அன்று நன்றாக ஓடியிருக்க வேண்டும்,
எங்கள் வரிசையில் பாதிப்பேர் ஜூலை ஒன்று.
அட்டைப்படி எனக்கு
இன்னும் ஒரு வருஷம் வெட்டு இருக்கிறது.
முழங்கால் வேறு கணக்கு சொல்கிறது.
இதை ஜிஷாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் குறித்துக்கொள்வாள்.

காயத்தின் ஓரங்களில் மட்டும்
மரம் பொங்கியிருந்தது,
மற்ற இடத்தைப்போல மும்மடங்கு தடிப்பு.
இங்கே பார், எவ்வளவு வளர்ந்திருக்கு, என்றேன்.
"அது வளர்ச்சி இல்லை சேச்சி,
மூடுகிறது.
கணக்கில் சேராது."
பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு
விலக்கிவைத்தாள்.

மேசையிலிருந்த தூளை
உள்ளங்கையில் வழித்தேன்.
சிவப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.
கோதுமை மாவு நிறம்.
ஜன்னலுக்கு வெளியே தட்டிவிட்டு
ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினேன்.